ரப்பர் மரத்துக்கு எந்த டிஎன்ஏ மார்க்கர்: ராபிட், எஸ்எஸ்ஆர், ஸ்னிப் – ஓர் ஒப்பீடு

பொங்கல் விடுமுறை முடிந்து மார்த்தாண்டத்திலிருந்து திரும்பிய ஆய்வு மாணவி ஒருத்தி, அனந்தபுரி எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் வந்த களைப்போடு நேராக என் அறைக்கு வந்து, மேசைமேல் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். அறுபது ஜிப் கவர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ரப்பர் இலைத் துண்டுகள், கூடவே ஒரு பிடி நீல நிறச் சிலிக்கா ஜெல். பல கவர்களில் ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டது. இலையின் ஈரத்தைக் குடித்துவிட்டால் அது அப்படித்தான் நிறம் மாறும்.

"அக்கா, நாலு தோட்டம், அறுபது மரம். எந்த மார்க்கர் எடுக்கட்டும்? ராபிட் போதுமா, எஸ்எஸ்ஆர் போகணுமா, இல்ல நேரா சீக்வென்சிங் குடுத்திரலாமா?"

மார்க்கர் என்றால் ஒரு மரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் டிஎன்ஏ அடையாளம்; ராபிட், எஸ்எஸ்ஆர், ஸ்னிப் எல்லாம் அதன் வகைகள். சீக்வென்சிங் என்பது டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிப்பது. இதே கேள்வியோடு வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள். அவளுக்குச் சொன்னதை எல்லாருக்கும் பயன்படும்படி விரிவாக எழுதிவைக்கிறேன்.

சென்னையில் டயர் உண்டு, ரப்பர் மரம் இல்லை. வருடம் முழுக்கப் பரவலாக மழை கேட்கும் மரம் அது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் குமரி மாவட்டம்தான்: குலசேகரம், கீரிப்பாறை, கோதையாறுப் பக்கம். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் அங்கேதான். ஆய்வகம் கிண்டியிலோ தரமணியிலோ இருக்க, மரம் ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில் நிற்கிறது. மார்க்கர் தேர்வில் இந்தத் தூரத்துக்கும் பங்குண்டு. மாதிரி சரியில்லை என்றால் நாளைக்கே போய் இன்னொரு இலை பறித்து வர முடியாது. காய்ந்த இலையிலிருந்து வரும் டிஎன்ஏ கொஞ்சம் உடைந்துதான் இருக்கும். உடைந்த டிஎன்ஏவிலும் வேலை செய்யும் மார்க்கரே நமக்கு உதவும்.

ஆனால் அவளிடம் நான் முதலில் மார்க்கரைப் பற்றிப் பேசவில்லை. "இந்த அறுபது மரமும் ஒட்டா, விதையா?" என்று கேட்டேன்.

"ஒட்டுதான். எல்லாம் 105, கொஞ்சம் 600 இருக்கு."

ரப்பர் தோட்டம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரே மரத்தின் நகல்கள். 1910களில் ஜாவாவில் மொட்டு ஒட்டுக் கட்டும் முறை ரப்பருக்குக் கைகூடியதிலிருந்து, நன்றாகப் பால் தரும் ஒரு தாய் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டி, அதையே ஆயிரக்கணக்கில் பெருக்குகிறார்கள். குளோன் என்பது இதுதான். தோட்டக்காரர்கள் வெறுமனே 105 என்று சொல்லும் ஆர்ஆர்ஐஐ 105, கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் டிஜிர் 1, ஜிஎல் 1 என்ற இரண்டு குளோன்களைக் கலந்து உருவாக்கியது. 600 என்பது மலேசியாவின் ஆர்ஆர்ஐஎம் 600. ஆக, 105 நிற்கும் தோட்டத்தில் நூறு மரத்தில் இலை பறித்தாலும் மரபு வகையில் அது ஒரே மரம்தான். அறுபது கவரையும் எவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பத்தில் ஓட்டினாலும் கிடைக்கப்போவது இரண்டு மரபு வகைகளாக இருக்கலாம். நகல்களை நீக்காமல் பன்மைக் கணக்கு, அதாவது மரத்துக்கு மரம் உள்ள மரபு வேறுபாட்டின் கணக்குப் போட்டால், தோட்டத்தில் எந்தக் குளோன் அதிகம் என்பதைத்தான் அந்த எண் சொல்லும், இனத்தின் பன்மையை அல்ல.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப அறுபதும் வீணாக்கா?"

வீணில்லை. ஒட்டுமரத்தில் இரண்டு உயிர் இருக்கிறது. மேலே நிற்பது குளோன். தரைக்குப் பக்கத்தில் யானைக் கால்போலப் புடைத்திருக்கும் ஒட்டுக்குக் கீழே இருப்பது விதையில் முளைத்த வேர்க்கன்று. விதையில் வந்ததால் ஒவ்வொரு வேர்க்கன்றும் தனித்தனி மரபு. ஒட்டுக்குக் கீழிருந்து சில மரங்களில் பக்கத் தளிர் வெடிக்கும். தெரியாமல் அந்தத் தளிரில் இலை பறித்தால் 105 என்று எழுதிய கவருக்குள் வேறொரு மரம் உட்கார்ந்திருக்கும். தெரிந்தே பறித்தால், யாரும் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு பன்மை கைக்கு வரும். இந்த விஷயம் தெளிவாகாமல் மார்க்கரை ஒப்பிட்டுப் பயனில்லை.

சரி, பன்மையைத் தேடவேண்டிய அவசியம் என்ன? 1876இல் ஹென்றி விக்காம் அமேசானின் தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அதில் 1,900 சொச்சம் கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. ஆசியா முழுக்க நிற்கும் ரப்பரில் பெரும்பகுதி அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசு. தென் அமெரிக்காவில் இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. அந்தப் பூஞ்சை இந்தப் பக்கம் வந்தால் தாங்கும் மரபு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பது, பால்வெட்டை நம்பி அடுப்பெரியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி. அதனால்தான் 1981இல் பன்னாட்டு ரப்பர் ஆராய்ச்சி வாரியம் பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ மாநிலங்களின் காடுகளுக்குள் போய் 60,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்தது. அதில் ஒரு பங்கு இந்தியாவிலும் வளர்கிறது. இவற்றில் எது எதிலிருந்து எவ்வளவு வேறு என்று கண்ணால் சொல்ல முடியாது. இலை பார்க்க ஒன்றுபோல இருக்கும். பால் எவ்வளவு தரும் என்று தெரிய ஏழெட்டு வருடம் காத்திருக்கவேண்டும். டிஎன்ஏவைக் கேட்டால் சில வாரங்களில் பதில் வரும்.

இனி மார்க்கர்களுக்கு வருவோம். ஐசோசைம் (நொதிகளின் வேறுபாட்டைப் பார்ப்பது), ஆர்எஃப்எல்பி (டிஎன்ஏவை நொதியால் வெட்டித் துண்டுகளின் நீளத்தைப் பார்ப்பது) இரண்டையும் வரலாற்றுக்காகத் தெரிந்துவைத்தால் போதும். 1990களில் ஆர்எஃப்எல்பியை வைத்துச் செய்த வேலைதான், காட்டு மரங்கள் அமேசானின் ஆற்றுப் படுகைகளை ஒட்டிக் குழுக்களாகப் பிரிகின்றன என்று காட்டியது. விக்காம் வழிவந்த குளோன்களில் எதிர்பார்த்ததைவிட வேறுபாடு மிச்சமிருக்கிறது என்றும் சொன்னது. அயல் மகரந்தம் வாங்கும் மரம் இது. ஒவ்வொரு விதையும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வேறு வேறு வடிவங்களைச் சுமக்கும். அதனால் சில நூறு கன்றுகளிலேயே பொதுவான வடிவங்கள் பலவும் தப்பிவிடும். காணாமல் போவது அரிதானவைதான். ஆனால் அந்த முறைக்கு மைக்ரோகிராம் கணக்கில் நல்ல டிஎன்ஏ வேண்டும், பெரும்பாலும் கதிரியக்கப் பொருளும் வேண்டும். இன்றைக்கு யாரும் அதைத் தொடங்கவேண்டியதில்லை.

ராபிட் பற்றி நின்று பேசவேண்டும். ஏனென்றால் சென்னையில் பல மாணவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். 1990இல் வந்த முறை. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் பத்தே எழுத்துள்ள ஒரு சிறிய டிஎன்ஏ துண்டு (பிரைமர்), டிஎன்ஏவைப் பெருக்கும் ஒரு பிசிஆர் கருவி, பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாக (பேண்டுகளாக) நிறுத்தும் ஒரு அகரோஸ் ஜெல், அவற்றைப் பார்க்கப் புற ஊதா விளக்கு. மரத்தின் வரிசை எதுவும் முன்கூட்டித் தெரியவேண்டாம். பிரைமர் கிட் ஒன்றை வாங்கினால் வேம்புக்கும் ஓட்டலாம், ரப்பருக்கும் ஓட்டலாம். மலிவு. ஒரு வாரத்தில் படம் கிடைக்கும். இந்திய ரப்பர் குளோன்களிலும் தொடக்கத்தில் இதைப் பயன்படுத்தி நல்ல வேலைகள் வந்திருக்கின்றன.

நானும் இதில்தான் தொடங்கினேன். எம்ஃபில் படிக்கும்போது பன்னிரண்டு குளோன்கள், இருபது பிரைமர்கள். ஒரு குளோனை மட்டும் சோதனைக்காக இரண்டு குழாயில், இரண்டு எண் போட்டு வைத்திருந்தேன். முதல் பத்துப் பிரைமர் நன்றாக வந்தது. மே மாதம், அடிக்கடி மின்வெட்டு. ஆய்வகத்தின் பிசிஆர் கருவி பழுதாகிவிட்டது. மீதிப் பத்தைப் பக்கத்து ஆய்வகக் கருவியில் ஓட்டினேன். ஜெல்லை விளக்கில் வைத்ததும் மங்கலான பேண்டுகள் சில காணவில்லை. இல்லாத இடத்தில் இரண்டு புதிதாக நின்றன. எல்லாவற்றையும் ஒன்று, சைபர் என்று எழுதி, எது எதற்கு நெருக்கம் என்று காட்டும் கிளைப்படம் வரைந்தபோது, அந்த ஒரே குளோனின் இரண்டு குழாய்களும் இரண்டு தனிக் கிளையில் போய் உட்கார்ந்தன. ஒரே மரம் தன்னிடமிருந்தே தள்ளி நிற்கிறது. ஆறு மாத உழைப்பு. அன்றைக்கு அந்த இரண்டாவது குழாயை வைக்காமல் விட்டிருந்தால், அந்தப் படத்தை உண்மை என்று நம்பி அச்சுக்கும் கொடுத்திருப்பேன்.

கோளாறு முறையின் அடிப்படையிலேயே இருக்கிறது. பத்து எழுத்துப் பிரைமர் சுமார் 36 டிகிரியில் ஒட்டுகிறது. அவ்வளவு தாழ்ந்த வெப்பத்தில் அது சரியான இடத்திலும் ஒட்டும், ஏறக்குறையச் சரியான இடத்திலும் ஒட்டும். டிஎன்ஏவின் தரம், மெக்னீசியத்தின் அளவு, கருவி சூடேறும் வேகம் எது மாறினாலும் பேண்ட் மாறும். ரப்பர் இலையில் பாலும், டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு பிசிஆரைக் கெடுக்கும் பாலிபீனாலும் நிறைய. மாதிரிக்கு மாதிரி சுத்தம் ஒன்றுபோல வருவதே கஷ்டம். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பேண்ட் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும். தாய், தந்தை இரண்டு பக்கமும் அந்த வடிவம் வந்ததா, ஒரு பக்கம் மட்டுமா என்று தெரியாது. அயல் மகரந்த மரத்தில் பன்மையின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. அதனால் ரப்பர் பன்மையைப் பற்றி ஒரு புதிய வேலையை ராபிட்டில் தொடங்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். இளநிலை மாணவர்களுக்குப் பிசிஆர் கற்றுக்கொடுக்க அருமையான கருவி, அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ராபிட்போலவே பேண்டைப் பார்க்கும் ஐஎஸ்எஸ்ஆர் முறை இதற்கு ஒரு படி மேல். பிரைமர் நீளம், ஒட்டும் வெப்பம் அதிகம், பேண்ட் நிலையாக வரும். ஆனால் இருக்கிறது, இல்லை என்ற குறை அப்படியேதான். ஏஎஃப்எல்பி என்ற இன்னொரு முறை ஒரே ஓட்டத்தில் ஐம்பது, நூறு பேண்ட் தரும், நம்பகமும் உண்டு. வெட்டு நொதி, ஒட்டு நொதி, இரண்டு சுற்றுப் பெருக்கம் என்று வேலை நீளும். முழுசாக, சுத்தமாக டிஎன்ஏ வேண்டும். ஜிப் கவரில் ரயிலேறி வந்த இலையில் வெட்டு அரைகுறையாக நின்றால், அந்த அரைகுறையே வேறுபாடுபோலத் தெரியும்.

எஸ்எஸ்ஆர், அதாவது மைக்ரோசாட்டிலைட், இந்த மாணவிக்கு நான் சொன்ன பதில். மரபுத்தொகுதியில் ஜி-ஏ, ஜி-ஏ என்று திக்குவாய்போல ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு மரத்தில் அது 12 முறை வரும், இன்னொன்றில் 15, வேறொன்றில் 19. இருபக்கமும் இருபது எழுத்துப் பிரைமர் வைத்து அந்த இடத்தை மட்டும் பெருக்கினால் துண்டின் நீளமே விடை. ஒரு மரத்தில் 12உம் 15உம் இருந்தால் இரண்டும் தெரியும். தாயிடமிருந்து எது, தந்தையிடமிருந்து எது என்று வம்சாவளி பார்க்கலாம். ஆர்ஆர்ஐஐ 414, 430 இரண்டும் ஆர்ஆர்ஐஐ 105க்கும் ஆர்ஆர்ஐசி 100க்கும் பிறந்தவை. நாற்றங்காலில் 430 என்று விற்ற கன்றில், ஏதாவது ஓர் இடத்திலாவது 105இன் வடிவம் ஒன்றுமே இல்லையென்றால் அந்தக் கன்று 430 இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். இன்னும் இரண்டு இடங்களில் அப்படியே வந்தால் உறுதி.

பிரித்தறியும் சக்தியைப் பாருங்கள். ஓர் இடத்தில் ஆறு வடிவங்கள் இருந்தால் 21 விதமான ஜோடிகள் வரலாம். பத்து இடங்கள் எடுத்தால் 21ஐப் பத்து முறை பெருக்கவேண்டும்: 16 லட்சம் கோடிக்கு மேல். நடைமுறையில் சில வடிவங்கள் மிகப் பொதுவாக இருப்பதால் இவ்வளவு கிடைக்காது. ஆனாலும் குமரி மாவட்டத்தின் குளோன்களைப் பிரிக்கப் பத்துப் பன்னிரண்டு நல்ல பிரைமர்கள் தாராளம். பிரேசிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரப்பர் மாதிரிகளை 13 எஸ்எஸ்ஆர் இடங்களை வைத்தே ஆராய்ந்து, 400க்கும் மேற்பட்ட வடிவங்களைக் கண்டு, அதிலிருந்து மொத்தப் பன்மையையும் சிறு எண்ணிக்கையில் தாங்கும், சுமார் நூறு மரங்கள் கொண்ட ஒரு சாரத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ரப்பருக்கான பிரைமர் வரிசைகள் ஏற்கெனவே அச்சில் நிறையக் கிடைக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. துண்டுகள் நூறிலிருந்து முந்நூறு எழுத்து நீளம்தான் என்பதால் காய்ந்த இலையின் உடைந்த டிஎன்ஏவும் போதும். நமக்கு இது பெரிய நிம்மதி.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டு எழுத்து வித்தியாசத்தைச் சாதாரண அகரோஸ் ஜெல் காட்டாது. 12உம் 13உம் ஒரே பேண்டாகத் தெரிய, "வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடுவோம். பாலிஅக்ரிலமைடு ஜெல் ஊற்றி வெள்ளிச் சாயம் ஏற்றவேண்டும். இல்லையென்றால் ஒளிரும் சாயம் பூசிய பிரைமரோடு, துண்டின் நீளத்தை நுட்பமாக அளக்கும் கேப்பிலரி கருவிக்கு அனுப்பவேண்டும். சாயம் பூசிய பிரைமர் விலை கூடுதல். ஒவ்வொரு பிரைமருக்கும் எம்13 என்ற ஒரே பொது வரிசையை வாலாகச் சேர்த்து, சாயத்தை அந்தப் பொது வாலுக்கு மட்டும் வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். இரண்டாவது, கருவிக்குக் கருவி அளவு ஓரிரு எழுத்து நகரும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆர்ஆர்ஐஐ 105, ஆர்ஆர்ஐஎம் 600 இரண்டையும் அளவுகோலாகச் சேர்த்து ஓட்டச் சொல்வேன். இன்னொன்று, பிரைமர் ஒட்டும் இடத்திலேயே மாற்றம் இருந்தால் ஒரு வடிவம் தெரியாமலே போய்விடும். விக்காம் குளோன்களுக்குச் செய்த பிரைமரைக் காட்டு மாதிரிகளில் ஓட்டும்போது இதைக் கவனிக்கவேண்டும்.

ஸ்னிப் பக்கம் எல்லாருடைய ஆசையும் போகிறது, நியாயமும் இருக்கிறது. ஒற்றை எழுத்து மாற்றங்களைப் பத்தாயிரக்கணக்கில் ஒரே தடவையில் படிக்கலாம். 2011இல் வந்த ஜிபிஎஸ் முறை, அதாவது மரபுத்தொகுதியை நொதியால் வெட்டி வெட்டிய ஓரங்களை மட்டும் படிப்பது, செலவைக் குறைத்தது. ரப்பரின் மரபுத்தொகுதி வரைவு 2013இல் ஆர்ஆர்ஐஎம் 600இல் வந்தது; அப்புறம் சீனாவில் இன்னும் தெளிவான வடிவங்கள் வந்தன. எந்த மரபணு பால் அளவோடு, நோய் தாங்கும் குணத்தோடு ஒட்டி வருகிறது என்று தேட ஸ்னிப்தான் ஏற்றது. கருவிக்குக் கருவி மாறாது. ஏ என்றால் எங்கும் ஏதான். பத்து வருடம் கழித்து வேறொருவர் உங்கள் தரவோடு தன்னுடையதைச் சேர்க்கலாம். எஸ்எஸ்ஆரில் அது பெரும்பாடு.

ஆனால் ரப்பரின் மரபுத்தொகுதி லேசுப்பட்டதல்ல. சுமார் 150 கோடி எழுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் சரக்கு. 36 குரோமோசோம், தொல்காலத்தில் மொத்தமும் ஒருமுறை இரட்டித்த அடையாளம் அதில் தெரிகிறது. இரண்டு வேறு இடங்களின் துண்டுகள் ஒன்றுபோல இருப்பதால் கணினி இரண்டையும் ஒரே இடம் என்று அடுக்கி, இல்லாத ஸ்னிப்பைக் காட்டும். எல்லா மரத்திலும் இரண்டு எழுத்தும் சேர்ந்தே தெரிகிற இடங்களை முதலில் தூக்கி எறியவேண்டும். ஆனால் மாதிரிகளே குளோன் நகல்களாக இருந்தால் அந்தச் சோதனையும் குழம்பும். ஒரு குளோனில் இரட்டையாக உள்ள இடம் அதன் எல்லா நகலிலும் இரட்டையாகத்தானே வரும். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வட்டு நிறையத் தரவை வாங்கி வைத்துக்கொண்டு வருடம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி என்ன அனுமதி வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் தரமணியிலேயே இருக்கிறது, நேரில் போய் விசாரிக்கலாம்.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இது. கேள்வி "என் ஊர்த் தோட்டங்களில் உண்மையில் எத்தனை மரபு வகை நிற்கிறது, பேர் சொல்லும் குளோனும் நிற்கும் குளோனும் ஒன்றா" என்பது. அதற்குப் பன்னிரண்டு எஸ்எஸ்ஆர் போதும்; மாதிரியை அறுபதிலிருந்து நூற்றைம்பதாக உயர்த்து. மார்க்கரைக் கூட்டுவதைவிட மரத்தைக் கூட்டு, அதுவும் நகலல்லாத மரத்தை: வேர்க்கன்றுத் தளிர்கள், வீட்டுப் புறத்தில் விதை விழுந்து தானாக முளைத்தவை, மறு நடவுக்கு வெட்டப் போகிற பழைய விதைத் தோட்டங்கள். எஸ்எஸ்ஆரில் வித்தியாசமாகத் தெரிகிற இருபது மரத்தை மட்டும் அப்புறம் சீக்வென்சிங்குக்கு அனுப்பு. 1981 காட்டு மாதிரிகளில் வேலை என்றாலோ, பால் அளவுக்கான மரபணுவைத் தேடுவது என்றாலோ நான் நேராக ஸ்னிப்பைத்தான் சொல்லியிருப்பேன். அங்கே பன்னிரண்டு இடங்கள் எந்த மூலைக்கும் காணாது.

அன்று மத்தியானமே ஒரு கவரைத் திறந்து சோதித்தோம். முதிர்ந்த இலை, உதிரக் காத்திருந்தது. டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில் அரைத்து, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றியபின் மேல் அடுக்கு தெளிவாக நிற்காமல் பழுப்பாகவே இருந்தது. ஐசோபுரோப்பனால் விட்டதும் நூல்போல வெள்ளையாகச் சுருள வேண்டியது, சளிபோலத் திரண்டது. பாலிபீனால். அதைக் கட்டிப் பிடிக்கும் பிவிபியைக் கூடுதலாகச் சேர்த்து இன்னொரு தடவை செய்ததில் கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

மார்கழி, தை ரப்பர் இலையுதிர்க்கும் காலம். மாசியில் புதுத் தளிர் விடும். செம்புநிறம் மாறி இளம்பச்சைக்கு வரும் அந்த ஒரு வாரம்தான் டிஎன்ஏவுக்கு ஏற்ற இலை. அவள் மறுபடி டிக்கெட் போட்டுவிட்டாள். இந்தத் தடவை கவரில் மர எண்ணோடு "ஒட்டுக்கு மேல்", "ஒட்டுக்குக் கீழ்" என்று இரண்டு கட்டம் அச்சடித்திருக்கிறாள். குலசேகரத்தில் பால்வெட்டும் அவளுடைய மாமா, கீழ்த் தளிர் விட்ட மரங்களில் இப்போதே சுண்ணாம்புக் குறி போட்டு வைத்திருக்கிறாராம்.